காவற் கண்ணும் களைப்புறும் மூளையும்



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊர் சென்று திரும்பாதவர் மிகச் சிலரே. திரும்பும்போது நம் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்ப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், அத்தை வீட்டு முறுக்கு, புதிதாக வாங்கிய எவர்சில்வர் பாத்திரம், காப்பி ஃபில்டர், ஒரு சிறு குத்துவிளக்கு. இத்தனையும் அடங்கிய பெட்டியை விமான நிலையத்தில் ஓடும் பட்டையின் மீது வைக்கிறோம். அது ஒரு கூண்டினுள் புகுந்து மறுபுறம் வெளிவருகிறது. நாமும் எடுத்துக்கொண்டு விரைகிறோம்.

அந்தக் கூண்டின் பக்கத்தில், ஒரு திரைக்கு முன்னால், ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய முகத்தை நாம் பார்ப்பதில்லை. நம் பெட்டியையே பார்க்கிறோம். அவரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை; நம் பெட்டியையே பார்க்கிறார். வரிசை நீண்டால் முணுமுணுப்பதும், பெட்டியைத் திறக்கச் சொன்னால் சலித்துக்கொள்வதும் தவிர, அவருக்கும் நமக்கும் வேறு உறவில்லை. ஆயினும் சில நொடிகள் நம் உயிரும் நம்மோடு பயணம் செய்வோர் உயிரும் அவருடைய கண்ணையே நம்பியிருக்கின்றன. அந்தக் கண் எவ்வாறு காண்கிறது, எப்போது காணத் தவறுகிறது, தவறாதிருக்க அதற்கு எவ்வாறு பயிற்சி தருவது என்ற கேள்விகளுக்கு விஞ்ஞானம் விடை தேடிய வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம்.

முதலில் அவர் பார்ப்பது என்ன என்பதை அறிவோம். பெட்டியினுள் ஊடுருவும் எக்ஸ்ரே கதிர்கள், பொருளின் தன்மைக்கேற்பக் கூடவோ குறையவோ தடுக்கப்படுகின்றன. இருவேறு ஆற்றலுள்ள கதிர்களால் அளந்து, யந்திரம் அப்பொருள்களுக்கு நிறம் பூசிக் காட்டுகிறது. மாவு, துணி, காகிதம், உணவு முதலியவை ஆரஞ்சு நிறம், இரும்பு போன்ற உலோகங்கள் நீலம், இடைப்பட்டவை பச்சை. ஆகவே மிளகாய்ப்பொடி ஆரஞ்சு நிற மேகமாகவும், எவர்சில்வர் பாத்திரம் கருநீல வட்டமாகவும் தோன்றும். வெடிமருந்துகளுட் பல உணவுப்பொருளைப் போலவே ஆரஞ்சு நிறத்தில் காட்சியளிக்கும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிழல்களின் குவியலிலிருந்து, இது உணவு, இது ஊறு விளைவிப்பது என்று சில நொடிகளில் தெளிய வேண்டும். அடுத்த பெட்டி வந்துகொண்டேயிருக்கும்.

தெளியாவிடில் நேரும் விளைவை நாம் அறியாதவரல்லேம். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பெட்டியில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள், கானடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் உயிரிழந்தனர். அந்த விமானத்துக்கு டொராண்டோ நகரில் பெட்டிகளைச் சோதித்தபோது, எக்ஸ்ரே யந்திரம் நடுவழியில் பழுதுற்றது. எஞ்சிய பெட்டிகளைக் கையிலேந்தும் மோப்பக் கருவி ஒன்றினால் பார்த்தனர். அதைக் கையாண்டோர்க்குப் போதிய பயிற்சி இருக்கவில்லை என்பது பிற்கால விசாரணைகளில் வெளிப்பட்டது. ஒரு யந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் பின்னாலிருக்கும் மனிதருக்குப் பயிற்சி இல்லையேல் பயனில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

காவல் என்பது பழமையான தொழில். தினைப்புனத்துப் பரண்மீதிருந்து கிளி ஓட்டியவரும், கோட்டை மதிலின்மேல் யாமந்தோறும் விழித்திருந்தவரும் செய்தது காவலே. அக்காலந்தொட்டு உலகெங்கும் ஒரு வழக்கம் நிலவி வந்தது. காவலன் காணத் தவறினால், அவன் சோம்பேறி என்றோ, கடமையில் சிரத்தையற்றவன் என்றோ பழித்துத் தண்டிப்பதே அவ்வழக்கம். விழித்திருந்தும் காணத் தவறுதல் கூடுமா, கூடுமெனில் ஏன் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்கத் தூண்டியது இரண்டாம் உலகப் போர்.

அப்போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவினர், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடலின் மேல் மணிக்கணக்காகப் பறந்தனர். விமானத்தில் ராடார் திரையின் முன் ஒருவர் அமர்ந்து, அதில் தோன்றும் ஒரு சிறு ஒளிப்புள்ளிக்காகக் காத்திருப்பார். பெரும்பாலான நாள்களில் அந்தப் புள்ளி தோன்றவே தோன்றாது. தோன்றிய வேளைகளிலோ, நேரம் செல்லச் செல்ல, தேர்ந்த பணியாளரும் அதைக் காணாமல் விடுவது தெரியவந்தது. எவ்வளவு நேரம் ஒருவரைத் திரையின் முன் அமர்த்தலாம் என்பதை ஆராயும் பொறுப்பு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாரிடம் வந்தது.

மாக்வொர்த் செய்த கருவி மிக எளியது. எண்களற்ற ஒரு கடிகார முகம். அதில் நொடிக்கு ஒருமுறை ஓரடி தாவும் ஒரு முள். அரிதாக எப்போதேனும் அம்முள் ஒரே வேளையில் ஈரடி தாவும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே வேலை. ஒருவரைத் தனியறையில் இரண்டு மணி நேரம் இக்கடிகாரத்தின் முன் அமர்த்திப் பார்த்தார். முதல் அரை மணி நேரத்தில் 100க்கு ஏறத்தாழ 16 தாவல்களைக் காணாமல் விட்டவர்கள், அடுத்த அரை மணியில் 100க்கு ஏறத்தாழ 26 தாவல்களைத் தவறவிட்டனர். அவர்கள் உறங்கவில்லை, கண்களும் திறந்தேயிருந்தன. ஆயினும் காட்சி நழுவிற்று.

1948ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாராய்ச்சியில் நமக்குப் பயன்படும் மூன்று செய்திகள் உள்ளன. அரை மணி வேலையும் அரை மணி ஓய்வுமாக மாற்றி அமைத்தால் தளர்ச்சி ஏற்படவில்லை என்பது முதற்செய்தி. நடுவில் தொலைபேசியில் அழைத்து, இன்னும் கவனமாகப் பார்க்கும்படி ஒரு சொல் சொன்னால், தளர்ந்த கவனம் மீண்டது என்பது இரண்டாவது. ஒவ்வொரு முறையும், 'சரியாகக் கண்டீர்', 'தவறவிட்டீர்' என்று உடனுக்குடன் அறிவித்தால், கவனம் குன்றாமல் நின்றது என்பது மூன்றாவது. குறை காவலரின் குணத்தில் இல்லை, அவருக்கு விதிக்கப்பட்ட வேலையின் அமைப்பில் இருக்கிறது என்பதை இம்மூன்றும் ஒருங்கே காட்டின. பழியின் இடத்தில் அளவை வந்து அமர்ந்த நாள் அது.

ஆனால் மாக்வொர்த் அளந்தது வெளியே தெரியும் செயலை மட்டுமே. உள்ளே நிகழ்வது என்ன? அதை அளக்கும் கருவிகள், காவலைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ சிறிதும் எண்ணாத வேறு பலரால் முன்னரே ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தன.

படிக்கும்போது நம் கண்கள் வரிமீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நின்று செல்கின்றன என்று பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஜாவால் 1879இல் எழுதினார். உணர்ச்சி வசப்படும்போது தோலில் மின்சாரம் பாயும் அளவு மாறுகிறதென்று ஃபெரே என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் 1888இல் கண்டறிந்தார். இதயத்தின் மின்துடிப்பை இழைக் கருவியால் வரைந்து காட்டிய ஹாலந்து நாட்டு ஐந்தோவன், 1924இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1924ஆம் ஆண்டில், ஜெர்மனியின் யேனா நகரில், ஹான்ஸ் பெர்கர் என்ற மனநோய் மருத்துவர், மனிதத் தலையின் மேல் மின்வாய்களைப் பொருத்தி, மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தாம் கண்டதைத் தாமே ஐயுற்று, ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து, 1929இல்தான் வெளியிட்டார். அப்போதும் உலகம் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் அதை மெய்ப்பித்துக் காட்டிய பிறகே நம்பிற்று.

பெர்கர் கண்டது என்ன? கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்குச் சுமார் பத்து முறை அசையும் ஒழுங்கான அலை ஒன்று எழுகிறது. கண்ணைத் திறந்து ஒன்றைக் கருத்துடன் நோக்கியதும் அது அடங்கிவிடுகிறது. உறக்கம் தழுவத் தொடங்கும்போது, மெதுவான வேறு அலைகள் தலைகாட்டுகின்றன. விழித்த கண்ணுக்குப் பின்னால் மனமும் விழித்திருக்கிறதா என்று அறிய ஒரு சாளரம் இவ்வாறு திறந்தது. பின்னர் 1964இல் ஹெஸ், போல்ட் என்ற இருவர், கடினமான கணக்கை மனத்தில் போடும்போது கண்ணின் பாவை விரிகிறது என்று காட்டினர். 1965இல் சட்டன் என்பாரும் அவருடைய தோழர்களும், எதிர்பாராத, அரிய நிகழ்ச்சி ஒன்றை மனம் கண்டுகொண்டதும், ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரத்தில், மூளையில் தனியானதோர் அலை எழுவதை வெளியிட்டனர்.

கருவிகள் இவ்வாறு கூடிவர, அவற்றுக்குரிய வேலையும் மறுபுறம் உருவாகிக்கொண்டிருந்தது. 1968க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்ட முறை கடத்தல் முயற்சிக்கு உள்ளாயின. 1973 ஜனவரி 5 முதல் அந்நாட்டில் பிரயாணிகள் அனைவரையும் அவர்தம் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 1971இல் ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்ட 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்திச் செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. 1976இல் மற்றொன்று கடத்தப்பட்டதை ஒட்டி அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978இல் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு நிறுவப்பட்டது. கனிஷ்கா துயரத்துக்குப் பின்னர், 1987 ஏப்ரல் முதல் நாளன்று அது தனித் துறையாயிற்று.

யந்திரங்கள் வந்தன, ஆட்களும் அமர்த்தப்பட்டனர். ஆனால் மாக்வொர்த்தின் பாடம் அவர்களோடு வரவில்லை. அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் மாறுவேடத்தில் ஆயுதங்களைக் கொண்டு சென்று சோதித்தபோது, 1978இல் 100க்கு 13 பொருள்களும், 1987இல் 100க்கு 20 பொருள்களும் கண்டுபிடிக்கப்படாமல் தப்பின. ஊதியமோ குறைவு, வேலையோ சலிப்பூட்டுவது. 1998 மே முதல் ஓராண்டுக் காலத்தில், அங்குள்ள 19 பெரிய விமான நிலையங்களில் சோதனைப் பணியாளர் விலகிச் செல்லும் வீதம் சராசரியாக 100க்கு 126 என்று நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் அறிவித்தது. ஓராண்டுக்குள் அத்தனை பேரும் மாறி, அதற்கு மேலும் மாறினர் என்பது இதன் பொருள். கண்ணுக்குப் பழக்கம் ஏறுமுன் கண்ணே மாறிவிட்டால், பயிற்சி எங்ஙனம் நிலைக்கும்?

1988 டிசம்பர் 21இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூரின் மேல் ஒரு விமானம் குண்டு வெடித்து வீழ்ந்து 270 பேர் மாண்டனர். இதன் பிறகே சோதனைப் பணியைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பெற்றது. 1990களில் பரவிய ஒரு முறை குறிப்பிடத்தக்கது. உண்மையான பெட்டியின் படத்தினூடே, துப்பாக்கியின் படத்தையோ குண்டின் படத்தையோ யந்திரமே இடையிடையே புகுத்திவிடும். பணியாளர் அதைக் கண்டு பொத்தானை அழுத்தினால், 'இது சோதனைப் படம். சரியாகக் கண்டீர்' என்று திரை பாராட்டும். காணாது விட்டால் அதையும் உடனே தெரிவிக்கும். நேயர்களே, இது வேறொன்றுமன்று. அரை நூற்றாண்டுக்கு முன் தனியறையில் மாக்வொர்த் சொன்ன அதே 'சரி', 'தவறு' என்ற சொற்கள், இப்போது விமான நிலையத்தின் திரையிலிருந்து ஒலிக்கின்றன.

இம்முறையின் தேவையை மேலும் விளக்கியது 2005இல் ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க அறிஞரும் உடனுழைத்தோரும் செய்த ஆராய்ச்சி. அதைக் கூறுமுன் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை நினைவு கூர்வோம். ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கிய பாட்டியை நாம் கண்டிருக்கிறோம். கல் மிகுந்த அரிசியானால் அவர் விரல் ஒரு கல்லையும் விடாது. கல்லே இல்லாத நல்லரிசி என்று நம்பி வாங்கியதில் கிடக்கும் ஒற்றைக் கல்தான் சோற்றில் பல்லுக்கு அகப்படும்! வுல்ஃப் குழுவினர் கண்டதும் இதுவே. பார்க்கும் படங்களிற் பாதியில் தேடும் பொருள் இருந்தபோது, அதைத் தவறவிட்டது 100க்கு 7 முறை மட்டுமே. நூறு படங்களில் ஒன்றில்தான் இருந்தபோதோ, தவறியது 100க்கு 30 முறை. பொருளை மறைக்கவில்லை, சிறிதாக்கவும் இல்லை. அது அரிதானது என்பதே அதை மறைக்கப் போதுமானதாயிற்று. குண்டுள்ள பெட்டி இலட்சத்தில் ஒன்றாகக்கூட வராத விமான நிலையத்தில், மனித மனத்தின் இந்த இயல்பு எத்துணை அபாயமானது! பின்னர், புதிதாகப் பயிற்சி பெற்ற உண்மையான விமான நிலையப் பணியாளரிடமும் இதே குறை காணப்பட்டது. ஆனால் மருந்தும் உடன் கிடைத்தது. பணிக்கு நடுவே, பொருள் அடிக்கடி வரும் சிறு பயிற்சி ஒன்றை, 'சரி', 'தவறு' என்ற அறிவிப்புடன் தந்தால், பிறகு அரிய பொருளையும் கண் தவறவிடுவது குறைந்தது.

இனி, கண்ணைத் தொடர்ந்து சென்று அளந்த வரலாறு. 1970களில் அமெரிக்காவில் குண்டல், நோடின் என்ற அறிஞர்கள், மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் மருத்துவரின் பார்வை எங்கெங்கே நிற்கிறது என்று பதிவு செய்தனர். நோய்க்கட்டியைக் காணத் தவறுவது ஒரே வகைத் தவறன்று, மூவகை என்று பிரித்தறிந்தனர். பார்வை அவ்விடத்துக்கே செல்லாமை ஒன்று. சென்றும் சட்டென விலகி, பொருளை அடையாளம் காணாமை மற்றொன்று. நெடுநேரம் நின்று நோக்கியும், 'இது ஒன்றுமில்லை' என்று தவறாகத் தீர்மானித்தல் மூன்றாவது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இம்மூன்றும் ஒரே தவறு. பார்வையின் தடத்தை அளந்தவர்க்கோ மூன்று வேறு நோய்கள். மூன்று வேறு மருந்துகள்.

2013இல் நிகழ்ந்த ஒரு பரிசோதனை இதை வியப்புறும் வண்ணம் காட்டிற்று. நுரையீரல் படங்களில் கட்டியைத் தேடும்படி 24 நிபுணர்களிடம் கூறி, அப்படங்களில் ஒரு கொரில்லாக் குரங்கின் சிறிய உருவத்தையும் பதித்து வைத்தனர். 20 பேர் அதைக் காணவில்லை. அவருட் பெரும்பாலோரின் பார்வை அக்குரங்கின் மீதே விழுந்திருந்தது என்று கண்ணைத் தொடரும் கருவி தெரிவித்தது! கண் கண்டது, மனம் காணவில்லை.

பெட்டிச் சோதனைக்கே உரிய பாடத்தை 2004இல் மக்கார்லி, கிராமர் முதலியோர் அளித்தனர். எக்ஸ்ரே படங்களில் கத்தியைத் தேடப் பலர்க்குப் பயிற்சி தந்து, அவர்தம் பார்வையின் ஓட்டத்தையும் பதிவு செய்தனர். பயிற்சியால் திறமை வளர்ந்தது உண்மை. ஆனால் வளர்ந்தது தேடும் திறமையன்று. கண் சென்ற இடத்தில் இருப்பது கத்தி என்று அறியும் திறமை. அதுவும், பழகிய வடிவமுள்ள கத்திகளிலேதான் முழுமையாக நின்றது. புதிய வடிவக் கத்தி வந்ததும் குறைந்தது. ஆகவே பத்துப் படங்களை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி பயிற்சியன்று. பல வடிவம், பல கோணம், பல மறைவு எனப் பெருகிய படங்களைக் காட்டுவதே பயிற்சி. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஷ்வானிங்கர் என்பவர் வழியில் இத்தகைய கணினிப் பாடங்கள் அமைந்தன. பொருள் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, அதன்மேல் வேறு பொருள் எவ்வளவு படிந்திருக்கிறது, பெட்டி எவ்வளவு நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றுமே காண்பதை அரிதாக்குகின்றன என்று அவர்கள் அளந்து காட்டினர்.

மூளையை நேரே அளந்த பணியில் நம் செவிக்கு நெருங்கிய ஒரு பெயர் ஒலிக்கிறது: இராஜா பரசுராமன். இந்திய மரபினரான இவ்வறிஞர், பிரிட்டனில் கற்று அமெரிக்காவில் பணியாற்றி, விழிப்புணர்வின் உளவியலுக்குத் தம் வாழ்வை அளித்து, 2015இல் மறைந்தார். வேலை செய்யும் மூளையை வேலையிடத்திலேயே ஆராய்வதற்கென ஒரு புதிய துறையைத் தோற்றுவித்தவர் அவர். வார்ம் முதலிய அறிஞர்களுடன் கூடி அவர் எடுத்துக்காட்டிய உண்மை ஒன்றுண்டு. நெற்றிப்பொட்டின் வழியாகக் கேளா ஒலியைச் செலுத்தி, மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கலாம். காவல் வேலை நீள நீள, கவனம் தளர்வதோடு இவ்வோட்டமும் தளர்ந்தது. அதே திரையை எவ்வித வேலையுமின்றி வெறுமனே பார்த்திருந்தவர்க்கோ அது தளரவில்லை. ஆதலால், 'சும்மா உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே' என்று நாம் எளிதாகச் சொல்வது பிழை. காத்திருத்தல் கடும் உழைப்பு. மூளை அதற்குரிய கூலியை இரத்தத்தால் கொடுக்கிறது.

மற்றொரு புறம், 2006இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஜ்தாவும் கூட்டாளிகளும், நொடிக்குப் பத்து வீதம் படங்களை ஓடவிட்டு, பார்ப்பவரின் மூளை அலைகளைப் பதிவு செய்தனர். தேடும் உருவம் உள்ள படத்தை மூளை அறிந்துகொண்ட அடையாளத்தைக் கணினி பிடித்து, அத்தகைய படங்களை முன்வரிசைக்குக் கொணர்ந்தது. கை பொத்தானை அழுத்தும் வரை காத்திராமல், மூளை கண்டுகொண்டதை அந்த நொடியிலேயே அறியலாம் என்பதை இது காட்டிற்று.

இவற்றையெல்லாம் ஒருங்கு சேர்த்தால், பயிற்சிக் கூடத்தின் தோற்றம் மாறுகிறது. பார்வையின் தடம், மாணவர் எங்கே பார்க்கவில்லை என்று ஆசிரியருக்குச் சொல்கிறது. பாவையின் விரிவு, பாடம் கடினமா எளிதா என்று சொல்கிறது. மூளை அலை, மாணவர் விழித்திருக்கிறாரா சோர்ந்திருக்கிறாரா என்று சொல்கிறது. சோர்ந்தால் பாடத்தை நிறுத்தலாம்; எளிதாயின் கடினமாக்கலாம். நல்லாசிரியர் மாணவர் முகம் நோக்கி நாடோறும் செய்வதையே இக்கருவிகள் நுட்பமாகச் செய்கின்றன. குறைகளும் உண்டு. ஓர் இமைப்பும் ஒரு தாடையசைவும் மூளை அலைப் பதிவைக் கலைத்துவிடும். அமைதியான ஆராய்ச்சி அறையில் தெளிவாகத் தெரிவது, ஆரவாரம் மிகுந்த விமான நிலையத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. எனவே இவற்றுக்கு ஏற்ற இடம் பணியிடத்தைவிடப் பயிற்சிக் கூடமே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடலை அளக்கும் கருவி ஆசிரியர் கையில் இருந்தால் விளக்கு. தண்டிப்பவர் கையில் இருந்தால் சாட்டை. ஒருவருடைய இதயமும் தோலும் மூளையும் தரும் செய்தி அவருடைய உடைமை. அதைக் கொண்டு சம்பளம் குறைக்கவோ, வேலை நீக்கவோ முற்பட்டால், நாம் மீண்டும் பழைய பழிக் காலத்துக்கே செல்வோம். அஞ்சுபவரின் இதயத் துடிப்பும் தோலின் மின்னோட்டமும் அச்சத்தாலேயே மாறும். ஆகவே கருவி அளப்பதும் பொய்யாகும். அளவை நம்பகமாக இருக்க வேண்டுமானால், அளக்கப்படுபவர்க்கு நம்பிக்கை இருக்க வேண்டும்.

பயன் தரும் மாற்றங்கள் பல, கருவியைவிட எளியவை. தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் ஒருவர் எக்ஸ்ரே படங்களைப் பார்க்கலாகாது, பிறகு 10 நிமிடமேனும் அவ்வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் வகுத்தன. மாக்வொர்த்தின் அரை மணிக் கணக்கை இவ்விதியின் பின்னால் காணாதிருக்க இயலுமோ? நம் நாட்டில், 1999 டிசம்பரில் நேபாளத்திலிருந்து வந்த விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பின்னர், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையக் காவல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007இல் தில்லி மெட்ரோ ரயிலின் காவலும் அப்படையிடம் வந்தது. தில்லியில் வாழும் நம்மவர் அலுவலகம் செல்லும்போதும் வரும்போதும் பையை வைக்கும் பட்டையின் பின்னாலும் அதே கண்தான் விழித்திருக்கிறது.

சாதனைக் கதையாக இதை முடித்துவிட இயலாது. 2015இல் அமெரிக்க விமான நிலையங்களில் நிகழ்ந்த மறைமுகச் சோதனைகளில், 70இல் 67 முறை ஆயுதமோ போலிக் குண்டோ தப்பிச் சென்றதாகச் செய்தி வெளியாயிற்று. புதிய யந்திரம் வாங்குவது எளிது. மனிதக் கண்ணின் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஓய்வும் பயிற்சியும் தருவது அரிது. அரிதானதைச் செய்யாத இடத்தில், எளிதானது பயன் தருவதில்லை.

நேயர்களே, இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பொருள்மேல் பொருள் படிந்தால் படம் தெளியாது என்று கண்டோம் அன்றோ? அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது, எவர்சில்வர் பாத்திரத்துக்குள் பொடிப் பொட்டலத்தையும், அதன்மேல் குத்துவிளக்கையும் அடைக்காமல், தனித்தனியே பரப்பி வைப்போம். பெட்டியைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறப்போம். அவர் நம்மை ஐயுற்றார் என்று எண்ண வேண்டாம். ஐயம் தோன்றிய இடத்தில் விரைந்து முடிவு செய்யாமல் நின்று பார்த்தார் என்று எண்ணுவோம். தவறுகளுள் மூன்றாவதான தவறான தீர்மானத்தை அவர் அந்நொடியில் தவிர்த்திருக்கிறார்.

புறப்படுமுன், திரையின் முன்னிருக்கும் அம்முகத்தை ஒருமுறை நோக்கி, ஒரு சொல் நன்றி சொல்வோம். தளர்ந்த கவனத்தைத் தொலைபேசியில் வந்த ஒரு சொல் மீட்டது என்று மாக்வொர்த் கண்டாரல்லவா? நம் சொல்லும் அவ்வாறே பயன்படலாம். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் குழந்தைகளும் முதியோரும் அந்தக் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள்.